பந்தும் பாஸ்போர்ட்டும்: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டுக் கால்பந்துக் கிளப்களில் ஆடுவது பற்றிய கேள்விகளைச் சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி ‘எப்படிப் போவது?’ என்கின்றன. மீதி ‘ஆடி முடித்த பிறகு என்ன செய்வது?’ என்கின்றன. முதல் கேள்விக்கான காகிதங்களைச் சரியாக வைத்திருப்பவருக்கே இரண்டாவது கேள்வி சுலபமாகிறது. அதனால் இரண்டு வகைக்கும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறோம்.

ஒரே ஆள் இருபது, இருபத்தைந்து கிளப்களுக்கு ஆடினார் என்று செய்தி வருகிறது. எந்தக் கிளப்பும் வைத்துக்கொள்ளாத ஆள் என்றுதானே அதற்கு அர்த்தம்?
— மதுரை வாசகர்

அப்படிச் சொன்னால் உருகுவேயின் செபாஸ்தியான் அப்ரேயு சிரித்துவிடுவார். 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் கானாவுக்கு எதிரான கடைசிப் பெனால்டியை, கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய விட்டு நடுவில் மெல்லத் தூக்கிப் போட்டவர் அவர்தான். 2017 டிசம்பரில் சிலியின் ஆடாக்ஸ் இத்தாலியானோவில் சேர்ந்தபோது அது அவருக்கு 26-வது கிளப். கின்னஸில் பெயர் ஏறியது. அதற்குப் பிறகும் நிற்கவில்லை, 44 வயதில், 2021-ல்தான் ஓய்வு பெற்றார்.

அந்தப் பட்டியலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 1998-ல் ஸ்பெயினின் டெபோர்டிவோ லா கொருன்யா அவரை வாங்கியது. அங்கே இடம் கிடைக்காததால் பிரேசிலின் கிரேமியோ, மெக்சிகோவின் டெகோஸ், சொந்த நாட்டு நாசியோனால், மறுபடி மெக்சிகோவின் குரூஸ் அசூல் என்று வரிசையாக லோனில் (சில மாதத்துக்கு இரவலாக) அனுப்பியது. சட்டைகள் மாறினாலும் ஒப்பந்தம் அதே லா கொருன்யாவோடுதான். லோன் முடிந்தால் தாய்க் கிளப்புக்குத் திரும்ப வேண்டும், திரும்பினால் சம்பளமும் அங்கேயே. ஆக, கிளப்களின் எண்ணிக்கையை மட்டும் எண்ணினால் ஒன்றும் புரியாது. லோன் எத்தனை, ஒரு சீசன் ஒப்பந்தம் எத்தனை, கிளப்பில் காசு தீர்ந்து கலைந்தவை எத்தனை என்று பிரித்துப் பார்த்தால்தான் அவர் வேண்டாத ஆளா, எங்கும் கூப்பிடப்படுகிற ஆளா என்பது தெரியும். நாடோடி ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் இரண்டாவது வகை. காயமான ஒருவரின் இடத்தில் ஆறு மாதம் ஆட ஆள் வேண்டுமானால் யாருக்குப் போன் போடலாம் என்று ஏஜென்ட்களுக்குத் தெரிந்த பெயர்கள் அவை.

ஆறு கண்டக் கூட்டமைப்புகளிலும் ஆடிய ஒரே ஆள் யார்? அவர் சிறைக்கும் போனாராமே?
— காரைக்கால் வாசகர்

ஜெர்மன் கோல்கீப்பர் லுட்ஸ் ஃபானன்ஷ்டீல். மலேசியாவின் பினாங்கு, தென்னாப்பிரிக்காவின் ஆர்லாண்டோ பைரேட்ஸ், நியூசிலாந்தின் டனீடின், கனடா, நார்வே, அல்பேனியா என்று சுற்றிவிட்டு, 2008-ல் பிரேசிலின் அட்லெட்டிகோ இபிராமாவில் ஆடியபோது ஆறாவது கூட்டமைப்பும் சேர்ந்தது. சிங்கப்பூரில் கேலாங் யுனைடெட்டுக்கு ஆடும்போது ஆட்ட முடிவை முன்கூட்டியே பேசிவைத்த வழக்கில் 2001-ல் ஐந்து மாதத் தண்டனை பெற்று 101 நாள் உள்ளே இருந்தார். தான் குற்றவாளி இல்லை என்று அன்றும் இன்றும் சொல்கிறார். 2002 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு பார்க் அவென்யூவுக்கு ஆடுகையில் எதிரணி ஆட்டக்காரரோடு மோதி மூச்சே நின்று, மைதானத்திலேயே உயிர் மீட்கப்பட்டார்.

இதில் ஆட்டக்காரர்கள் கவனிக்க இரண்டு விஷயம் உண்டு. வெளிநாட்டில் ‘இன்றைக்கு உங்கள் அணி ஜெயிக்குமா?’ என்று அக்கறையாக விசாரிக்கிற புது நண்பரிடம் வாய் திறக்கக் கூடாது. அணியில் யாருக்குக் காயம் என்ற பேச்சுகூடப் பந்தயக்காரருக்குச் சரக்குதான். இரண்டாவது, கீழ் டிவிஷன் கிளப்பில் சேர்வதற்கு முன் ‘மைதானத்தில் ஏ.இ.டி. மெஷின் (நின்ற இதயத்தை மின்னதிர்ச்சியால் மீட்கும் கருவி) இருக்கிறதா, ஆட்ட நாளில் ஆம்புலன்ஸ் நிற்குமா?’ என்று கேட்டுவிட வேண்டும். சம்பளத்தைப் பேசுகிற அதே மேசையில் இதையும் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஃபானன்ஷ்டீல் பயிற்சியாளராகவே நின்றுவிடவில்லை என்பதும் சுவாரசியம். கோல்கீப்பர் கோச்சாக ஆரம்பித்து ஹோஃபன்ஹைம் கிளப்பின் ஆள்தேடும் பிரிவுக்குப் போனார். 2018-ல் ஃபோர்ச்சுனா டுசல்டார்ஃபின் விளையாட்டு இயக்குநர், 2020-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் சிட்டியில் அதே பதவி. பத்துப் பதினைந்து நாட்டு லீக்குகளை உள்ளிருந்து பார்த்த கண்ணுக்கு அந்த நாற்காலி பொருந்துகிறது.

மாவட்ட லீக், மாநில லீக் ஆடிவிட்டு இப்போது ஒரு வெளிநாட்டுக் கிளப் என்னை அழைக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் அடுத்த வாரமே ஆடலாமா? எந்தக் காகிதம் எந்த வரிசையில் வேண்டும்?
— தூத்தூர் வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

கையெழுத்துப் போட்டதும் நீங்கள் ஊழியர் ஆகிறீர்கள். ஆட்டக்காரர் ஆவது ஐ.டி.சி. என்கிற சர்வதேச இடமாற்றச் சான்றிதழ் வந்த பிறகுதான். அதை நீங்கள் கேட்டு வாங்க முடியாது. புதுக் கிளப், உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் டி.எம்.எஸ். என்ற இடமாற்றக் கணினியில் உங்கள் ஒப்பந்தம், பாஸ்போர்ட் நகல், பழைய ஒப்பந்தம் முடிந்ததற்கான ஆதாரம் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். அந்நாட்டுச் சங்கம் நம் அகில இந்தியக் கால்பந்துச் சங்கத்திடம் சான்றிதழ் கேட்கும், நம் சங்கம் அதே கணினி வழியாக அனுப்பும். சம்பளம் வாங்காத அமெச்சூராக ஆடினாலும் நாடு மாறினால் ஐ.டி.சி. வேண்டும்.

எங்கே சிக்குகிறது தெரியுமா? நம் ஊர்ப் பெயரில்தான். மாவட்டச் சங்கத்தில் சேர்க்கும்போது அப்பா பெயரின் முதல் எழுத்தை மட்டும் போட்டிருப்பார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, அதுவும் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் ஒன்று, சங்கப் பதிவில் இன்னொன்று. இந்திய சங்கத்தின் ஆட்டக்காரர் பதிவுக் கணினியான சி.ஆர்.எஸ்.ஸில் உள்ள பதிவும் பாஸ்போர்ட்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் கணினிக்கு நீங்கள் இரண்டு ஆட்கள். டிரான்ஸ்ஃபர் ஜன்னல் (புது ஆட்டக்காரர்களைப் பதியும் காலம்) மூட நான்கு நாள் இருக்கும்போது இதைத் திருத்த ஓடுவது கொடுமை. அழைப்பு வருவதற்கு முன்பே, இப்போதே, உங்கள் கிளப் செயலாளரிடம் சொல்லி சி.ஆர்.எஸ். பக்கத்தை அச்செடுத்துப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

அடுத்தது பாஸ்போர்ட்டே. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் ‘இ.சி.ஆர்.’ வகையில் வரும். வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலை விசாவில் போக அந்த வகைக்குக் குடிபெயர்வு அனுமதி தனியாக வாங்க வேண்டும். பந்துக்காகப் படிப்பை ஒன்பதாம் வகுப்பில் விட்ட பையன்கள் கடற்கரையோரம் நிறைய. தனித்தேர்வராக எழுதியாவது பத்தை முடித்துவிட்டால் அந்தத் தடை தீரும்.

விசா பற்றி ஒரே வார்த்தை. சுற்றுலா விசாவில் ட்ரையலுக்குப் போகும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ‘ட்ரையல் பிடித்துவிட்டது, இந்த வாரம் ஒரு மேட்ச் ஆடு, வேலை விசா பின்னால் வரும்’ என்று கிளப் சொன்னால் ஆடாதீர்கள். மாட்டினால் நாடு கடத்தப்படுவது நீங்கள்தான். கிளப்புக்கு வேறு ஆள் கிடைப்பார்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு சீசனில் மூன்று கிளப்களில் பதிவாகலாம், ஆனால் அதிகாரபூர்வ ஆட்டம் இரண்டு கிளப்களுக்குத்தான் ஆட முடியும். நம் மாநில லீக்கில் ஒரு மேட்ச் இறங்கியிருந்தாலும் அது எண்ணிக்கையில் சேரும். கேரளத்து செவன்ஸ் ஆட்டங்கள் சங்கக் கட்டமைப்புக்கு வெளியே நடப்பவை. அங்கே கைதட்டலும் காசும் கிடைக்கும், ஆனால் வெளிநாட்டுக் கிளப் உங்கள் ஆட்ட வரலாற்றைக் கேட்கும்போது அந்த வருடங்கள் வெற்றிடமாகவே இருக்கும்.

மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. கிளப் ‘அடுத்த வாரம்’ என்கிறது. டிக்கெட் போட்டு ஊருக்கு வந்துவிடலாமா? (பெயரும் நாடும் வெளியிட வேண்டாம்.)

வராதீர்கள். இந்த நிமிடம் உங்கள் பக்கம் இருக்கும் சட்டம், விமானம் ஏறிய நிமிடம் கிளப் பக்கம் போய்விடும். ‘பயிற்சிக்கு வரவில்லை, ஒப்பந்தத்தை முறித்தது அவர்தான்’ என்று எழுதிவிடுவார்கள்.

ஃபிஃபா விதி தெளிவாக இருக்கிறது. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் அதற்குரிய தேதியில் தரப்படாமல் இருந்தால், நீங்கள் கிளப்புக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, முழுப் பாக்கியையும் கட்ட 15 நாளாவது அவகாசம் தர வேண்டும். அதற்குள் கட்டாவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முடிக்கலாம். நோட்டீஸில் என்ன இருக்க வேண்டும் என்றால்: எந்தெந்த மாதம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, எந்த வங்கிக் கணக்குக்கு, எந்தத் தேதிக்குள், கட்டாவிட்டால் ஒப்பந்தத்தை முடிப்பேன் என்ற ஒரு வரி. கிளப்பின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கு அனுப்பி, சங்கத்துக்கும் நகல் போடுங்கள். வாட்ஸ்அப்பில் மேனேஜரிடம் புலம்பியது நோட்டீஸ் ஆகாது.

அந்த 15 நாளும் பயிற்சிக்குப் போங்கள். உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்று, தேதியும் நேரமும் தெரியும்படி ஒரு படம் எடுத்து, ‘இன்று காலை பயிற்சிக்கு வந்தேன், அனுமதிக்கப்படவில்லை’ என்று அதே மின்னஞ்சலுக்கு ஒரு வரி அனுப்புங்கள். இந்தச் சின்னக் காரியத்தைச் செய்யாமல் நல்ல வழக்கைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

பிறகு ஃபிஃபாவின் கால்பந்துத் தீர்ப்பாயம். ஆட்டக்காரருக்குக் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். தோராயக் கணக்கு ஒன்று சொல்கிறோம். மாதம் 2,000 டாலர், பத்து மாத ஒப்பந்தம் என்று வையுங்கள். இரண்டு மாதம் ஆடிச் சம்பளம் வராமல் வெளியேறினால் பாக்கி 4,000. மீதி எட்டு மாதத்துக்கு 16,000. இடையில் வேறு கிளப்பில் மாதம் 1,000 வீதம் ஐந்து மாதம் ஆடினால் அந்த 5,000 கழியும். ஆக, 4,000 + 11,000 = 15,000 டாலர் என்ற திசையில் பேச்சு ஆரம்பிக்கும். புது வருமானத்தை மறைத்தால் வழக்கு முழுவதும் நம்பகம் இழக்கும். தீர்ப்புக்குப் பின் 45 நாளில் கட்டாத கிளப் தொடர்ந்து மூன்று ஜன்னல்கள் வரை புது ஆட்டக்காரர்களைப் பதிய முடியாமல் தடை வரும். பல கிளப்களின் பெட்டி அப்போதுதான் திறக்கிறது. கிளப்பே மூடிப்போனால்? ஃபிஃபாவும் ஃபிஃப்ப்ரோ என்ற ஆட்டக்காரர் சங்கமும் 2020-ல் 1.6 கோடி டாலரில் ஒரு நிதி ஆரம்பித்தன. முழுத் தொகை கிடைக்காது, ஏதோ கொஞ்சம் கைக்கு வரும்.

ஒப்பந்தம் போடும்போதே பார்க்க வேண்டியவை: ‘மருத்துவச் சோதனை தேறினால்’, ‘வேலை அனுமதி கிடைத்தால்’ என்று ஒப்பந்தத்தை நிபந்தனைக்கு உட்படுத்த விதி இடம் தரவில்லை. சோதனையைக் கையெழுத்துக்கு முன்பே கிளப் முடித்திருக்க வேண்டும். ‘சம்பளம் 90 நாள் தாமதமாகலாம்’ என்ற வரியும் பொதுவாகச் செல்லாது. உள்ளூர் மொழியில் மட்டும் இருக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், இரு மொழியில் கேளுங்கள். தொகை வரிக்கு முன்பா பின்பா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்: மலேசியாவில் ஒரு காலண்டர் வருடத்தில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் வெளிநாட்டவர் வரி 30 சதவீதம். 2,000 என்பது கையில் 1,400 ஆகிவிடும்.

பழைய கிளப் ‘நீ ஒப்பந்தத்தை மீறினாய், சான்றிதழ் தர மாட்டோம்’ என்று மிரட்ட முடியுமா?
— கொழும்பு வாசகர்

முன்பு முடிந்தது. ஃபிரெஞ்சு மிட்ஃபீல்டர் லசானா டியாரா 2014-ல் லோகோமோட்டிவ் மாஸ்கோவோடு மோதிப் பிரிந்தார். அவரைச் சேர்க்க விரும்பிய பெல்ஜியக் கிளப் ஷார்லெருவா, நஷ்டஈடு தன் தலையிலும் விழும் என்று பயந்து பின்வாங்கியது. பத்து வருடம் கழித்து, 2024 அக்டோபர் 4 அன்று, அந்த விதிகள் ஐரோப்பியச் சட்டத்துக்கு முரண் என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. ஃபிஃபா விதிகளை மாற்றிவிட்டது. பணத் தகராறு தனியாக நடக்கட்டும், சான்றிதழைப் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது. ஆனால் ஒரே காலத்துக்கு இரண்டு கிளப்போடு கையெழுத்துப் போட்டால் நான்கு முதல் ஆறு மாதத் தடை வரை போகும் விதி அப்படியேதான் இருக்கிறது.

மகனுக்கு 16 வயது. ஒரு ஏஜென்ட் 3 லட்சம் கட்டினால் ஸ்பெயினில் ட்ரையல், தேறினால் கிளப் என்கிறார். கட்டலாமா?
— ஒரு தாய், வியாசர்பாடி

கட்டாதீர்கள் அம்மா. 18 வயதுக்குள் நாடு விட்டு நாடு மாறிப் பதிவாவதை ஃபிஃபா தடுக்கிறது. பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகப் பெற்றோரே அங்கே குடியேறுவது போன்ற சில விலக்குகள் உண்டு. உங்களுக்கு அது பொருந்தாது. ஆகவே அந்த ட்ரையலில் பிள்ளை எவ்வளவு நன்றாக ஆடினாலும் எந்தக் கிளப்பும் அவனைப் பதிய முடியாது. 3 லட்சத்துக்குக் கிடைப்பது பத்து நாள் பயிற்சி முகாமும் ஒரு சான்றிதழ் அட்டையும்.

2023 முதல் ஏஜென்ட்கள் தேர்வு எழுதி ஃபிஃபா லைசென்ஸ் பெற வேண்டும். பெயர் ஃபிஃபாவின் இணையப் பட்டியலில் இருக்கும், செல்போனிலேயே பார்க்கலாம். ஆட்டக்காரரோடு போடும் ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு மேல் போகக் கூடாது. வேலை வாங்கித் தந்த பின் சம்பளத்தில் பங்கு என்பதுதான் அந்தத் தொழில். ட்ரையலுக்கு முன்பணம் கேட்பவர் டிராவல் ஏஜென்ட், கால்பந்து ஏஜென்ட் இல்லை.

எங்கள் கிளப்பில் 12 வயதிலிருந்து வளர்ந்த பையன் இன்று வெளிநாட்டில் ஆடுகிறான். எங்களுக்கு ஏதாவது வருமா?
— கிளப் செயலாளர், தூத்துக்குடி

வரலாம், ஒப்பந்த காலத்திலேயே பணம் கொடுத்து அவனை வாங்கியிருந்தால். டிரான்ஸ்ஃபர் தொகையில் 5 சதவீதம், 12 முதல் 23 வயது வரை அவனை வளர்த்த கிளப்களுக்குப் பிரியும். 12 முதல் 15 வரை வருடத்துக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை 0.5 சதவீதம். 1,00,000 டாலருக்குப் போனால், 12-லிருந்து 15 வரை உங்களிடம் இருந்த நான்கு வருடத்துக்கு 1,000 டாலர். ஆனால் நாடோடி ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் ஒப்பந்தம் முடிந்து சும்மா போகிறவர்கள். சும்மாவின் 5 சதவீதமும் சும்மாதான். 23 வயதுக்குள் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போட்டிருந்தால் பயிற்சி நஷ்டஈடு என்ற வேறு வழி உண்டு. இரண்டுக்கும் அவன் உங்கள் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். மைதானத்துச் சுவரில் மாட்டிய குழுப்படம் பதிவு ஆகாது.

எந்த நாட்டில் நமக்கு உண்மையிலேயே இடம் உண்டு?
— திருச்சி வாசகர்

வெளிநாட்டவர் ஒதுக்கீடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஜப்பானின் ஜே லீக் தாய்லாந்து, வியட்நாம், மலேசியா, சிங்கப்பூர் போன்ற பங்காளி நாட்டவரை ஒதுக்கீட்டில் எண்ணுவதில்லை. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. பிரிட்டனில் பிரெக்சிட்டுக்குப் பின் புள்ளி முறை. தேசிய அணி தரவரிசை பின்னால் இருக்கும் நாட்டவருக்கு அது மதில் சுவர். இந்தியாவின் பாய்ச்சுங் பூட்டியா 1999-ல் இங்கிலாந்தின் பரி கிளப்புக்குப் போன பாதை இன்று அப்படியே திறந்திருக்கவில்லை. நார்வேயின் ஸ்டாபெக்கில் இருந்த இந்தியக் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து, 2016-ல் யூரோப்பா லீக் தகுதிச்சுற்றில் இறங்கினார். கோல்கீப்பர் என்பதும், அதுவரை பெஞ்சில் பொறுத்திருந்ததும் காரணம். 80-களின் கடைசியில் சுவிட்சர்லாந்தின் பாசலுக்குப் போய்வந்த சிங்கப்பூர்த் தமிழர் வி. சுந்தரமூர்த்திக்கு, மலேசிய மாநில அணிகள்தான் நீண்ட நாள் சோறு போட்டன. இன்றும் நம்மவருக்கு நடைமுறை சாத்தியம் தென்கிழக்கு ஆசியாவும் மாலத்தீவும்தான்.

எனக்கு 29 வயது, டிஃபெண்டர். எப்போது பயிற்சியாளர் லைசென்ஸ் ஆரம்பிப்பது? ஐரோப்பாவில் படித்தால் மேலா?
— நாகர்கோவில் வாசகர்

இரண்டு வருடம் தாமதமாகிவிட்டது, பரவாயில்லை. நம் பக்கப் படிக்கட்டு: இந்திய சங்கத்தின் டி லைசென்ஸ், பிறகு ஆசியக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, கடைசியில் ப்ரோ. ஒவ்வொரு படிக்கும் இடையில் ஓர் அணியோடு வேலை பார்த்த காலம் காட்ட வேண்டும். அவசரப்பட்டாலும் வேகமாக ஏற முடியாததற்கு அதுதான் காரணம். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தலைமைப் பயிற்சியாளருக்கு ப்ரோ வேண்டும். 33 வயதில் ஓய்வு பெற்று அன்று டி-க்கு விண்ணப்பித்தால், ப்ரோ கையில் வரும்போது நாற்பதைத் தாண்டிவிடும். ஆடும்போதே, காயத்தால் உட்கார்ந்திருக்கும் மாதங்களிலும் சீசன் இடைவெளியிலும் டி, சி இரண்டையும் முடித்துவிடுங்கள். ஆடுகிற கிளப்பின் 13 வயதுக்கு உட்பட்டோர் அணியை வாரம் இரண்டு நாள் நடத்தினால் வேலை அனுபவக் கணக்கும் ஓடும்.

ஐரோப்பியப் படிக்கட்டில் சி குறைந்தது 60 மணி நேரம், பி 120, ஏ 180, ப்ரோ 360. தரமான படிப்பு, ஆனால் மொழியும் செலவும் பெரிய தடை. ஒரு கூட்டமைப்பின் லைசென்ஸ் இன்னொன்றில் தானாகச் செல்லாது, அங்கீகாரத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எங்கே வேலை பார்க்கப் போகிறீர்களோ அங்கே படிப்பது லாபம். கோல்கீப்பர் கோச்சுக்குத் தனி லைசென்ஸ் வரிசை இருக்கிறது, கூட்டமும் குறைவு. கோல்கீப்பர்கள் ஏன் அதை விடுகிறார்கள் என்பது எங்களுக்குப் புரியாத விஷயம்.

சி லைசென்ஸ் நடைமுறைத் தேர்வில் இரண்டு முறை தோற்றேன். பதினொரு வருடம் தொழில்முறையாக ஆடியவன் நான். எங்கே தவறு?
— சென்னை வாசகர்

பெரும்பாலும் அந்தப் பதினொரு வருடத்திலேதான். நன்றாக ஆடியவர்கள் செய்யும் தவறு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஒரு தேர்வை எடுத்துப் பார்ப்போம்.

தலைப்பு: கோல் கிக்கிலிருந்து பந்தைக் கட்டி எடுத்து வருவது, அதாவது தூக்கி அடிக்காமல் பாஸ் பாஸாக முன்னே கொண்டுவருவது. 16 பேர், அரை மைதானம், 12 பந்து, கூம்புகள், இரு நிற பிப் (அணி பிரிக்கும் மேல்சட்டை), நடுக்கோட்டில் இரண்டு சின்ன கோல். நேரம் 20 நிமிடம். ஒரு பக்கம் கோல்கீப்பர், நான்கு டிஃபெண்டர், மூன்று மிட்ஃபீல்டர். எதிரே ஐந்து பேர் நெருக்குகிறார்கள், மூவர் மாற்று ஆட்டக்காரர்கள். சென்டர் பேக் (நடு டிஃபெண்டர்) இருவரும் பெனால்டிப் பெட்டியின் இரு ஓரங்களுக்கு விரிய வேண்டும். 2019-லிருந்து கோல் கிக்கைப் பெட்டிக்கு உள்ளேயே வாங்கலாம். அதற்கு முன் வளர்ந்த ஆட்டக்காரர்களுக்குக் கால் இன்னும் பெட்டிக்கு வெளியேதான் போய் நிற்கிறது. அவர்கள் கோச் ஆகும்போது பையன்களையும் அங்கேயே நிறுத்துகிறார்கள். அதற்கே மதிப்பெண் குறையும்.

ஆட்டம் ஓடுகிறது. சென்டர் பேக் நேராக நின்று பந்தை வாங்குகிறான், ஸ்ட்ரைக்கர் மேலே விழுகிறான், பந்து போகிறது. இங்கேதான் நீங்கள் விசிலடிக்க வேண்டும். அந்த நொடியே நிறுத்தினால் எல்லாரும் தவறு நடந்த இடத்தில் நிற்பார்கள். நான்கு நொடி கழித்து நிறுத்தினால் படம் கலைந்துவிடும், நீங்கள் கையால் காற்றில் வரைந்து விளக்க வேண்டியிருக்கும். நிறுத்தியதும் பந்தைப் பழைய இடத்துக்கு உருட்டி, அந்தப் பையனிடம் ஒரு கேள்வி: ‘பந்து வருவதற்கு முன் நீ எந்தப் பக்கம் பார்த்தாய்?’ அவனே திரும்பி, பக்கவாட்டில் நின்று, பின்காலில் வாங்கிக் காட்டட்டும். ஒருமுறை மெதுவாக, ஒருமுறை முழு வேகத்தில். இருபது, முப்பது நொடிக்குள் முடித்து ஆட்டத்தை விடுங்கள்.

முன்னாள் ஆட்டக்காரர் என்ன செய்கிறார்? பந்தைத் தான் வாங்கி, அழகாகத் திரும்பி, நாற்பது மீட்டர் பாஸ் போட்டுக் காட்டுகிறார். பையன்கள் கைதட்டுகிறார்கள், தேர்வாளர் எதுவும் எழுதுவதில்லை. அல்லது நிமிடத்துக்கு இரண்டு முறை நிறுத்தி, ஆறு விஷயம் சொல்கிறார். அல்லது நடுவில் நின்றுகொண்டு பாதி மைதானத்துக்கு முதுகைக் காட்டுகிறார். ஓரக்கோட்டில், எல்லாரும் கண்ணில் படும் கோணத்தில் நில்லுங்கள். தலைப்பு பந்தைக் கட்டி எடுப்பது என்றால் அதைப் பற்றி மட்டும் பேசுங்கள். எதிரணியின் நெருக்கல் மோசமாக இருந்தாலும் அன்றைக்கு அது உங்கள் வேலை இல்லை.

எழுதிக் கொடுக்கும் திட்டத்தில் மீட்டர் கணக்கு, ஆள் எண்ணிக்கை, நேரம், ஓய்வு, மூன்றே பயிற்சிக் குறிப்புகள் போதும். ஆள் குறைந்தால் என்ன செய்வேன் என்ற வரியையும் சேருங்கள். தேர்வு நாளில் யாராவது ஒருவருக்குக் கண்டிப்பாகத் தசை பிடிக்கும்.

ஆடிக்கொண்டே பயிற்சியாளராக இருக்க முடியுமா?
— வேலூர் வாசகர்

முடியும், நன்றாக நடப்பது அபூர்வம். கென்னி டால்கிளிஷ் 1985-86-ல் லிவர்பூலுக்கு லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் வென்று தந்தார். நமக்குத் தெரிந்தவர் சென்னையின் எஃப்.சி.க்கு 2014-ல் ஆட்டக்காரர்-மேனேஜராக வந்த மார்க்கோ மட்டெராஸி, 2015-ல் கோப்பையும் எடுத்தார். அப்ரேயு எல் சால்வடோரின் சாண்டா டெக்லாவில் இரட்டை வேலை பார்த்தார். சிக்கல் எங்கே என்றால், உள்ளே இருக்கும்போது 30 மீட்டருக்கு அப்பால் நடப்பது தெரியாது. பெஞ்சில் நம்பகமான துணைப் பயிற்சியாளர் ஒருவர், ‘இப்போது உன்னையே மாற்று’ என்று சொல்லும் தைரியத்தோடு இருக்க வேண்டும்.

பெரிய பெயர் இல்லாதவருக்கு வெளிநாட்டில் கோச் வேலை கிடைக்குமா? கோச்சுக்கும் ஃபிஃபா பாதுகாப்பு உண்டா?
— கோலாலம்பூர் வாசகர்

உங்கள் நாட்டிலேயே பாருங்கள். கே. ராஜகோபால் 2009-ல் தென்கிழக்கு ஆசியப் போட்டித் தங்கமும் 2010-ல் ஆசியான் கோப்பையும் மலேசியாவுக்கு வாங்கித் தந்தார். மேலே சொன்ன சுந்தரமூர்த்தி 2013-ல் சிங்கப்பூரின் லயன்ஸ் XII அணியை உங்கள் சூப்பர் லீக் சாம்பியனாக்கி, பின்னர் சிங்கப்பூர் தேசிய அணிக்கும் பயிற்சி அளித்தார். இங்கிலாந்தின் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் காயத்தால் இளம் வயதிலேயே ஆட்டத்தை விட்டவர். நேபாளம், இந்தியா இருமுறை, மலாவி, சூடான், ருவாண்டா, பாகிஸ்தான் என்று தேசிய அணிகளாகவே சுற்றினார். 2023 அக்டோபரில் கம்போடியாவை வென்று, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் பாகிஸ்தானுக்கு முதல் வெற்றி தேடித் தந்ததும் அவரே.

2021 ஜனவரி 1 முதல் கோச்களின் ஒப்பந்தமும் ஃபிஃபா விதிக்குள் வந்துவிட்டது. இரண்டு மாதப் பாக்கி, 15 நாள் நோட்டீஸ் என்ற அதே முறைதான், துணைப் பயிற்சியாளருக்கும் பொருந்தும். ஆனால் கோச்சுக்கு ஐ.டி.சி. கிடையாது, ஜன்னலும் கிடையாது. எந்த நாளிலும் சேரலாம், எந்த நாளிலும் வெளியே போகச் சொல்வார்கள். அதனால் ஒப்பந்தத்தில் மூன்று வரி கட்டாயம் வேண்டும்: பாதியில் அனுப்பினால் எத்தனை மாதச் சம்பளம் எத்தனை நாளுக்குள் வரும், குடும்பத்துக்கும் சேர்த்துத் திரும்பும் டிக்கெட் யார் செலவு, வீட்டைக் காலி செய்ய எத்தனை நாள். மூன்றாவதைப் பலரும் மறக்கிறார்கள். காலையில் பதவி போய், மாலையில் கிளப் கொடுத்த வீட்டின் சாவியைக் கேட்டு ஆள் வந்து நிற்பான்.